விட்டவன் விழுக்காடும் நாளொரு ரூபாயும்: திருப்பதி வட்டாரத்தில் முதுமைச் சேமிப்பின் இரு வரலாறுகள்

முதலாம் இராசேந்திர சோழனின் 7ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1019இல், அரசு அதிகாரி ஒருவர் திருச்சானூரில் கோயில் காரியங்களை விசாரித்தார். திருமுண்டியத்துச் சபையார் கோயிலிடமிருந்து பொன் பெற்றுக்கொண்டு, கற்பூர விளக்கு ஒன்று உட்பட 24 விளக்குகள் எரிப்பதாக ஒப்பியிருந்தனர். எரிந்தவையோ இரண்டு. பொன்னைக் கோயிற் பண்டாரத்தில் செலுத்திவிடவும், இனி விளக்குகளைப் பண்டாரத்திலிருந்தே எரிக்கவும் அதிகாரி ஆணையிட்டார். கல்லில் பொறிக்கப்பட்ட இச்செய்தியைப் பக்தி வரலாற்றின் துணுக்காகக் கொள்வது வழக்கம். நிதி வரலாற்றின் கண்கொண்டு நோக்கினால், முதலைப் பிறர் கையில் ஒப்படைத்து நெடுங்காலத்துக்குப் பயன் பெற எண்ணும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் இடர் இதில் இருக்கிறது. முதல் போய்விடவில்லை, அதை வைத்திருந்தவர் சொன்னதைச் செய்யவில்லை.

குறைந்த வருவாயில் முதுமைக்குப் பொருள் சேர்ப்பது குறித்த இன்றைய பேச்சு பெரும்பாலும் மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. திருப்பதி, சித்தூர் வட்டாரத்தின் நீண்ட வரலாறு வேறு இரு கேள்விகளை முன்னிறுத்துகிறது. சேர்த்த முதல் யார் கையில் இருக்கிறது? அது எந்த உருவில் திரும்புகிறது?

திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ள சிலவற்றை விடுத்தால் அவற்றின் மொழி தமிழே. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோரின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. இத்தொகுதிகளைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்று மாணவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, சாளுவ நரசிம்மன் காலத்திலும் பின்னர் கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர் காலங்களிலும் இக்கல்வெட்டுகள் பெருகுகின்றன. அவற்றின் வாசகம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது போன்றது. கொடையாளர் இத்தனை நற்பணத்தைத் திருப்பண்டாரத்தில் செலுத்துகிறார். கோயில் நிருவாகிகளான தானத்தார் அதனை ஏற்று, திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுவதற்கு இடுகின்றனர். அதனால் கூடும் விளைச்சலைக் கொண்டு, கொடையாளர் பெயரால் நாள்தோறும் அல்லது குறித்த திருநாள்களில் தளிகையோ அதிரசப்படியோ அப்பப்படியோ அமுது செய்விக்கப்படுகிறது. படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. அதன் பெயர் ‘விட்டவன் விழுக்காடு’. அவருக்குப் பின் அவர் சந்ததியாருக்கும் அது செல்லும், சந்திராதித்தர் உள்ளவரை.

வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்த ஏற்பாட்டின் பொருளாதாரத்தை விளக்கினார். வறண்ட நிலத்தை நன்செய்யாக்கும் முதலீட்டு நிறுவனமாக அவர் திருப்பதிக் கோயிலைக் கண்டார். அவருடைய ஆர்வம் கோயிலும் அரசும் என்ன செய்தன என்பதில் இருந்தது. கொடுத்தவர் பக்கமிருந்து பார்த்தால் மற்றொன்று புலப்படுகிறது. இன்றைய காப்பீட்டுக் கழகங்கள் ஆண்டுத்தொகை என்று விற்பதன் பண்புகள் பல விழுக்காட்டில் உண்டு. முதல் ஒருமுறை கைமாறுகிறது, மீளப் பெற முடியாது. ஆனால் பயன் தொடர்ந்து வருகிறது. அதைப் பிறருக்கு மாற்றியும் கொடுக்கலாம். கொடையாளர் சிலர் தம் விழுக்காட்டை மடத்துக்கோ இராமானுசகூடத்துக்கோ ஒதுக்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

இங்கே எச்சரிக்கை தேவை. புண்ணியத்தை நாடிச் செய்த கொடையை ஓய்வூதியத் திட்டமாக மாற்றிப் படிப்பது காலமுரண் ஆகும். கொடையாளர் எவரும் ‘என் முதுமைக்காக’ என்று பொறித்து வைக்கவில்லை. எனினும் கொடுத்தவர் வரிசையைக் காணும்போது ஒரு கேள்வி எழாமல் இராது. அரசரும் தண்டநாயகரும் பெரும்பாலும் ஊர்களையே கொடுத்தனர். பணமாகக் கொடுத்தவருள் ஆசாரியர்கள், கோயிற் கணக்கர்கள், வணிகர்கள் பலர். எம்பெருமானடியாராகிய கோயிற் பெண்டிரும் உளர். கோயிலிலேயே வாழ்நாளைக் கழித்து, ஆடவும் பாடவும் இயலாத வயதை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு, நாள்தோறும் சோறாக வந்து சேரும் பங்கு என்னவாக இருந்திருக்கும்? புண்ணியமும் உணவும் அவளுக்கு வெவ்வேறு கணக்குகளாக இருந்தன என்று கருத வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் வலிமை பயன் திரும்பிய உருவில் இருந்தது. விழுக்காடு காசாகக் குறிக்கப்படவில்லை; அரிசியும் பருப்பும் நெய்யும் சேர்ந்த சோறாகவும் பணியாரமாகவும் குறிக்கப்பட்டது. நெல் விலை ஏறினால் விழுக்காட்டின் மதிப்பும் உடன் ஏறும். ஏரி வற்றினாலும் பண்டாரம் அமுதுபடியைத் தந்தாக வேண்டும். அந்த இடரைச் சுமந்தது தானத்தாரே. அதன் குறையும் வெளிப்படையானது. சிறுகச் சிறுகக் கட்டிச் சேர இதில் வழி இல்லை. மொத்த முதலை முன்னரே கையில் வைத்திருந்தவர்தாம் வாயிலுக்குள் நுழைய முடிந்தது. கால் வெட்டிய கூலியாளின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

‘சந்திராதித்தவரை’ என்ற சொல் எவ்வளவு காலம் தாங்கியது? 1565க்குப் பின் விசயநகரம் சரிந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் புதிய கொடைகள் அருகின. 1801இல் கோயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது, 1843இல் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது, 1933ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவஸ்தானக் குழுவிடம் சேர்ந்தது. கோயிற் பணியாளர் மரபுவழியாகத் துய்த்துவந்த மிராசு உரிமைகளை ஆந்திர அரசின் 1987ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் நீக்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மிராசும் கொடையாளர் பங்கும் ஒன்றல்ல. ஆயினும் பரம்பரைக்கும் என்று வழங்கிய உரிமை சட்டத்தின் ஒரு பிரிவால் முடிவுற இயலும் என்பதற்கு அது சான்று.

கூலியாளின் சேமிப்பு வரலாற்றுக்குள் நுழைவது மிக அண்மையில்தான், அதுவும் வேறொரு வாயில் வழியாக. சீட்டுக் கட்டுவது இரு மொழியாரும் வாழும் இவ்வட்டாரத்தில் பழைய வழக்கமே. ஆனால் சீட்டு சில பத்து மாதங்களில் முடிந்துவிடும். திருமணத்துக்கும் மாட்டுக்கும் உதவும், முப்பது ஆண்டு தாங்காது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் எழுந்தனர். 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நெல்லூரில் ‘பொதுபு லட்சுமி’ என்ற சேமிப்பு இயக்கம் பரவியது. ‘பொதுபு’ என்றால் சேமிப்பு. குடிக்குப் போன காசில் நாளொரு ரூபாய் என்பது அதன் கணக்கு. 2000இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய ‘வெலுகு’ வறுமை ஒழிப்புத் திட்டத்தின் முதல் ஆறு மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று. குழு, கிராம அமைப்பு, மண்டலக் கூட்டமைப்பு என்ற அடுக்கு இங்கே வேரூன்றியது அப்போதுதான்.

அந்த ஒரு ரூபாயே 2009இல் ஓய்வூதியமாக உருமாறியது. ஆந்திர அரசின் ‘அபயஹஸ்தம்’ திட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கட்டுவாள். அரசு மற்றொரு ரூபாய் சேர்க்கும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் நிதியைப் பேணும். 60 வயதுக்குப் பின் மாதம் குறைந்தது 500 ரூபாய் கிடைக்கும். 30 வயதில் சேர்ந்தவள் 30 ஆண்டுகளில் தன் கையிலிருந்து கட்டுவது ஏறத்தாழ 10,950 ரூபாய். திருப்பதிக் கல்வெட்டுகளின் வாயிலில் நிற்க முடியாதவளுக்கு இது வாயிலைத் திறந்தது. இத்திட்டத்தின் பெருமை அதில்தான் இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் பயன் காசாகக் குறிக்கப்பட்டது. உறுதியளித்த 500 ரூபாய் 2009இன் 500 ரூபாய். அக்காலத்தில் ஆந்திரத்தில் எதுவும் கட்டாத முதியவருக்கு அரசு தந்த உதவித்தொகை 200 ரூபாய்தான். ஆகவே கட்டியவளுக்கு இரண்டரை மடங்கு. அந்த உதவித்தொகை 2014இல் 1,000 ரூபாயாகவும், 2019இன் தொடக்கத்தில் 2,000 ரூபாயாகவும், 2024 சூலையில் 4,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தேர்தல் ஆண்டுகளை இவ்வரிசையின் அருகில் எழுதிப் பார்க்க மாணவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டாதவருக்கான தொகை வாக்குரிமையின் வலிமையால் விலைவாசியைத் தாண்டி ஓடியது. கட்டியவளுக்கு எழுதித் தந்த எண்ணோ, எழுதிய இடத்திலேயே நின்றது. 2014இல் பிரிந்த தெலங்கானாவில் அரசு இத்திட்டத்தைக் கைவிட்டு, பெண்கள் கட்டிய தொகையைத் திருப்பித் தருவதாக 2022இல் அறிவித்தது. முதியோர் உதவித்தொகையின் உயர்வு வரவேற்கத்தக்கதே. வறுமையில் மூப்படைந்தவருக்கு அது உரிமை. வருந்தத்தக்கது, நாளொரு ரூபாய் ஒதுக்கிய பெண்ணின் ஒழுங்குக்கு மதிப்புக் கிடைக்காமற் போனதுதான்.

2015இல் வந்த மைய அரசின் அடல் ஓய்வூதியத் திட்டமும் இதே அச்சில் வார்த்தது. 18 வயதில் சேர்பவர் மாதம் 42 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 1,000 ரூபாய். 210 ரூபாய் கட்டினால் 5,000 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் அதே ஆயிரத்துக்கு 291 ரூபாய் கட்ட வேண்டும். காலம் தாழ்த்துவதன் விலை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் அச்சிடப்பட்டதில்லை. சந்தாதாரருக்குப் பின் துணைவருக்கு அதே தொகை, இருவருக்கும் பின் நியமனதாரருக்கு முதல். சந்ததியை நினைவில் வைத்த பழைய ஏற்பாட்டின் சாயல் இதில் உண்டு. குறைந்தபட்சத் தொகைக்கு அரசே பொறுப்பு. திருமுண்டியத்துச் சபையார் செய்தது இங்கே எளிதில் நடவாது. விழுக்காட்டில் இருந்த மற்றொரு காப்பு, விலையோடு தானும் ஏறும் பயன், இதில் எழுதப்படவில்லை. முதலீடு எதிர்பார்த்ததற்கு மேல் ஈட்டினால் கூடுதல் உண்டு என்பதோடு விதி நின்றுவிடுகிறது. முதல் ஆண்டில் 40 வயதில் சேர்ந்தவர்கள் 2035இல் ஓய்வூதியம் பெறத் தொடங்குவர். 18 வயதில் சேர்ந்தவர்கள் 2057இல்.