ஊசி இல்லாத ஊசிப்பாறைகள்

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த ஐல் ஆஃப் வைட் தீவின் மேற்கு முனையில் மூன்று வெள்ளைச் சுண்ணப் பாறைகள் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. பெயர் 'நீடில்ஸ்', அதாவது ஊசிகள். பார்ப்பவருக்கோ தேய்ந்துபோன கடைவாய்ப் பற்கள்தான் நினைவுக்கு வரும். பெயருக்குப் பொருத்தமாக ஒல்லியாக, நெட்டையாக நின்ற நான்காவது பாறை 1764-ஆம் ஆண்டுப் புயலில் சரிந்துவிட்டது. 'லோத்தின் மனைவி' என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. படகில் வருகிறவர்கள் இன்று படம் எடுப்பது மிச்சப் பாறைகளையும், அது நின்ற இடத்து வெற்றிடத்தையும்தான். சுற்றுலாக் கையேடுகள் கோட்டையையும் அரண்மனையையும் 'வரலாறு' என்றும், பாறையையும் மலையிடுக்கையும் 'இயற்கை' என்றும் இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. இந்தத் தீவுக்கு அந்தப் பிரிவினை பொருந்தாது என்பதே என் வாதம். இங்கே மனிதன் கட்டியது நிலைத்திருக்கிறது. வேகமாக மாறுவதும், ஆண்டுக் கணக்கோடு சொல்ல வேண்டியதும் இயற்கையின் கதைதான்.

கேரிஸ்புரூக் கோட்டையைப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற மன்னர் முதலாம் சார்லஸ் 1647 நவம்பரில் இங்கே வந்து, விரைவிலேயே கைதியானார். 1648-இல் ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்து, கம்பிகளுக்கிடையே உடம்பு சிக்கிக்கொள்ள, திரும்பவும் அறைக்கே போக வேண்டியதாயிற்று. அதே கோட்டையில் 161 அடி ஆழக் கிணறு ஒன்று உண்டு. அதன் மேலுள்ள கிணற்று வீடு 1587-இல் கட்டப்பட்டது. ஆளுயரத்தையும் மிஞ்சிய மரச் சக்கரத்துக்குள் ஒரு கழுதை நடக்கும். நடக்க நடக்கச் சக்கரம் சுழலும், அச்சில் கயிறு சுற்றிக்கொள்ளும், வாளி மேலே ஏறும். கழுதை மட்டும் நின்ற இடத்திலேயே இருக்கும். தண்ணீருக்கு இன்று அதன் தயவு தேவையில்லை. இருந்தாலும் பார்வையாளர்களுக்காக இன்னமும் நடக்கிறது. நான்கு நூற்றாண்டுகளில் கோட்டையில் மாறியது கழுதையின் உத்தியோகம்தான் என்றுகூடச் சொல்லலாம்.

தென்கரையில் நிலைமை தலைகீழ். ஓடை நீர் மென்மையான பாறையை அறுத்துக் கடலுக்கு இறங்கும் குறுகிய பள்ளத்தை இந்தத் தீவார் 'சைன்' என்பார்கள். பிளாக்கேங் சைனில் அலெக்சாண்டர் டபெல் என்பவர் 1843-இல் ஒரு கேளிக்கைத் தோட்டம் திறந்தார். கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அதில் பெரிய காட்சி. அந்தத் தோட்டம் இன்றும் நடக்கிறது. அந்தப் பள்ளம்தான் இல்லை. அடியில் 'நீல வழுக்கி' என்று உள்ளூரில் அழைக்கப்படும் களிமண் படுகை கிடக்கிறது. மேலே உள்ள பாறை வழியாக ஊறி இறங்கும் மழைநீர் அதற்குக் கீழே போக வழியின்றித் தேங்க, களிமண் வழுக்கி, மேலிருக்கும் நிலமே கடலை நோக்கி நகர்ந்துவிடும். 1928-இல் அப்படித்தான் அந்தப் பகுதியின் கடலோரச் சாலை அறுந்துபோனது.

பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டு பழையவை, அவற்றோடு ஒரு கோட்டையை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். பாறை பழையது, சரி. 'பார்க்க வேண்டிய இடம்' என்ற தகுதி பழையதல்ல. ஆலம் பே வளைகுடாவுக்குப் பெயர் தந்ததே படிகாரம். தோல் பதனிடவும் சாயம் நிலைக்கவும் உதவும் சரக்கு அது. அங்கே செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை மணல் அடுக்குகள், நீராவிக் கப்பலில் பயணிகள் வரத் தொடங்கிய பிறகு கண்ணாடிக் குப்பிகளில் அடுக்கடுக்காக நிரப்பி விற்கப்படும் நினைவுப் பொருளாயின. மணல் அதே மணல்தான், வாங்க வந்தவர்கள்தான் புதியவர்கள்.

இதெல்லாம் விக்டோரியா மகாராணியின் கைங்கரியம் என்பது இன்னொரு பதில். ஆஸ்போர்ன் எஸ்டேட்டை அவர் 1845-இல் வாங்கியதும், 1901-இல் அங்கேயே இறந்ததும், இடைப்பட்ட காலத்தில் தீவுக்குக் கூட்டம் பெருகியதும் உண்மை. ஆனால் டபெலின் தோட்டம் அவர் வாங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பே திறந்தாகிவிட்டது. ராணி கூட்டத்தைப் பெருக்கினார். கடையை விரித்தவர் அவரல்ல. பிளாக்கேங்கில் அந்தக் கடை ஒவ்வொரு பெரிய சரிவுக்குப் பிறகும் தன் சாமான்களைப் பெயர்த்து, கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்கிறது. வாசல் பலகையில் மட்டும், கடலுக்குள் போய்விட்ட பள்ளத்தின் பெயர் மாறாமல் இருக்கிறது.