சிரையில் ஏறும் உப்புநீர்

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இரும்புத் தாங்கியில் ஒரு புட்டி தொங்குகிறது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் நோயாளியின் கையில் ஏறுகிறது. ‘நரம்பில் ஏற்றுகிறார்கள்’ என்பது நம் பேச்சு வழக்கு. உண்மையில் அது ஏறுவது இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொணரும் சிரையில். ஆயினும் நிலைத்துவிட்ட வழக்கைத் திருத்த நான் முற்படவில்லை. இம்முறை பிறந்த கதையை அறிந்தால், கட்டிலில் கிடப்பவர் கவனிக்க வேண்டியவை யாவை என்பதும் விளங்கும்.

1831-ஆம் ஆண்டின் இறுதியில் வாந்திபேதி இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்தில் பரவியிருந்தது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வில்லியம் புரூக் ஓஷாக்னெஸி என்னும் இளம் அயர்லாந்துக்காரர் அங்குச் சென்று நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். நீரையும் உப்புகளையும் பெருமளவில் இழந்து அது தடித்திருந்தது. இழந்ததைத் திரும்பக் கொடுப்பதே சிகிச்சை என்று அவர் எழுதினார். அக்காலத்து மருத்துவர் பலரோ அந்நோயாளிகளின் இரத்தத்தை மேலும் வடித்துக்கொண்டிருந்தனர்!

எழுதியதைச் செய்துகாட்டியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832-இல் அவர் தேர்ந்துகொண்ட முதல் நோயாளி ஒரு மூதாட்டி. நாடி அடங்கி, இனிப் பிழையார் என்று கருதப்பட்டவர். லாட்டா சிரையில் ஒரு சிறு குழாயைச் செருகி உப்புநீரைச் சிறுகச் சிறுகச் செலுத்தினார். முதலில் மாற்றம் ஒன்றும் தோன்றவில்லை. பின்னர் மூச்சு சீர்பட்டது, குழிந்த கண்களில் ஒளி வந்தது, நாடி திரும்பியது. அரைமணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் ஏறியிருந்தது. ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி, மூதாட்டியை ஆஸ்பத்திரி மருத்துவரிடம் ஒப்புவித்துவிட்டு லாட்டா சென்றார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. மறுமுறை நீர் ஏற்றப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அம்மூதாட்டி இறந்தார். மறுபடி ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்றே லாட்டா கருதினார். நீர் வெளியேறிக்கொண்டிருக்கும் வரை ஈடுசெய்வதும் தொடர வேண்டும் என்பது அன்று ஓர் உயிரின் விலைக்குக் கிடைத்த பாடம்.

லாட்டா 1833-இல் காலமானார். அவர் முறையும் கைவிடப்பட்டது. கிருமிகளைப் பற்றி அறியாத காலம் அது. நீர் தூய்மையானதன்று, அதில் உப்பும் இரத்தத்துக்கு ஏற்ற அளவில் இல்லை. ஓஷாக்னெஸி அதே ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்தார். மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். பின்னர் இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்துப் புகழ்பெற்றார். வாந்திபேதியின் தாயகமான வங்காளத்திலேயே அவர் வாழ்ந்தும், அவருடைய உப்புநீர் அங்கே வேரூன்றவில்லை என்பது விந்தையே. 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் லியோனார்ட் ராஜர்ஸ் அதே கல்கத்தாவில், இரத்தத்தின் அடர்த்தியை அளந்து, அதற்கேற்ப உப்பு மிகுந்த நீரை ஏற்றினார். நூற்றுக்கு அறுபது பேர் அளவில் மாண்ட இடத்தில் அத்தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

எனினும் நீர் ஏறியபின் சிலருக்குக் குளிர்சுரம் கண்டது. காய்ச்சி வடித்த நீரிலும் பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் பொருள்களே அதற்குக் காரணம் என்று அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஃபுளோரன்ஸ் சீபெர்ட் 1923-இல் வெளியிட்டார். இன்று புட்டிகள் கவனத்துடன் தயாராகின்றன. ஆயினும் நீர் ஏறும்போது நடுக்கமோ அரிப்போ மூச்சுத் திணறலோ கண்டால், பொறுத்துக்கொள்ளாமல் உடனே நர்ஸை அழையுங்கள். ஊசி செருகிய இடம் வீங்கினாலும், எரிந்தாலும், சிவந்தாலும் அப்படியே. நீர் சிரையை விட்டு வெளியே கசிகிறதென்று அதற்குப் பொருள் இருக்கலாம். சீக்கிரம் முடியட்டும் என்று உறவினர் சொட்டின் வேகத்தைக் கூட்டுவதைக் கண்டிருக்கிறேன். மிகத் தவறான செயல் அது. சாதாரண உப்புநீர் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு உண்டு. தளர்ந்த இருதயமோ பழுதுற்ற சிறுநீரகமோ அச்சுமையைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். அத்தகைய நோய்கள், நீரிழிவு, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். என்ன நீர், எதற்காக ஏற்றுகிறீர்கள் என்று கேட்பதும் நோயாளியின் உரிமை.

சோர்வாக இருக்கிறது, ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று மருத்துவரை நெருக்குவோர் நம்மிடையே பலர். நூற்றுக்கு ஐந்து வலுவுள்ள லிட்டர்ப் புட்டியில் இருப்பது 50 கிராம் குளுக்கோஸ். நாலைந்து இட்டிலி அவ்வளவு சக்தியைத் தந்துவிடும், ஊசியும் வேண்டா.

1971-இல் வங்காள அகதிகள் திரண்ட பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவியபோது, சிரைவழி நீர் தீர்ந்துபோகும் நிலை வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் அருகிலிருந்த உறவினரே அதைக் குவளையில் மொண்டு புகட்டினர். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. எஞ்சியிருந்த சிரைநீர், நாடி தளர்ந்து பருக இயலாமல் கிடந்தவர்களுக்கு உதவியது.