பி.எம்.பி. படிப்பும் பாம்பன் பாலமும்

பொட்டி தட்டுற வேலையில பத்து வருஷம் ஓட்டின எல்லாருக்கும் ஒரு நாள் இது வரும். ஒண்ணு, டேமேஜர் கூப்பிட்டு "அடுத்த லெவல் போகணும்னா ஒரு சர்டிபிகேட் இருந்தா நல்லா இருக்குமே"ன்னு இழுப்பார். இல்லைன்னா பக்கத்து சீட்டுக்காரன் மெயில்ல தன் பேருக்குப் பின்னாடி திடீர்னு மூணு எழுத்து முளைச்சிருக்கும். பி.எம்.பி. அப்புறமென்ன, சனி ஞாயிறு வகுப்பு, 35 மணி நேரம், கனமா ஒரு புத்தகம், நூத்துக்கணக்குல மாதிரிக் கேள்வி. பிள்ளைங்க பள்ளிப் பாடம் படிக்கிற அதே டேபிள்ல அப்பனும் உக்காந்து மனப்பாடம் பண்ணுவான் :-)

நானும் படிச்சேன். படிக்கறப்ப ஒரு விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு. எல்லாம் விடையாவே இருக்கு. கான்ட் சார்ட் இப்படிப் போடணும், பெர்ட் சூத்திரம் இது, கிரிட்டிக்கல் பாத் கண்டுபிடிக்கற வழி இது. சரி, இதையெல்லாம் யார், எந்த இக்கட்டுல மாட்டிக்கிட்டு கண்டுபிடிச்சாங்க? வகுப்புல அதுக்கு நேரமில்லை. அதனால நானே கொஞ்சம் தோண்டினேன். கிடைச்சது சிலபஸை விட சுவாரசியமா இருந்ததால இந்தப் பதிவு.

முதல்ல அந்தப் பட்டை பட்டையா போடுற கான்ட் சார்ட். கரோல் அடமியெட்ஸ்கின்னு ஒரு போலந்து இஞ்சினியர், இரும்பு உருட்டாலைகள்ல வேலை பார்த்தவர், 1896லயே இது மாதிரி ஒண்ணு பண்ணி 'ஹார்மோனோகிராம்'னு பேர் வச்சிருக்கார். மனுஷன் எழுதினது போலிஷ்லயும் ரஷ்ய மொழியிலயும். மேற்கே யாரும் படிக்கல. 1910களில் அமெரிக்காவுல ஹென்றி கான்ட் பட்டறைகளுக்கு இதே ஜாதிப் படம் போட்டார், பேர் அவருக்குப் போயிடுச்சு. கான்ட் பார்த்தது பட்டறையைத்தான். இன்னைக்கு இந்த மிஷின்ல இவ்வளவு வேலை ஆகணும், ஆச்சா இல்லையா, ஆகலைன்னா ஏன்? அவ்வளவுதான் கேள்வி. ஒரு வேலை முடிஞ்சாத்தான் இன்னொண்ணு தொடங்கும்கிற முடிச்சு அந்தப் படத்துல சரியா தெரியாது.

அந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு கெமிக்கல் கம்பெனி. 1956-57 வாக்குல டூபான்ட் நிறுவனம் யூனிவாக் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருந்தது. இதை வச்சு இன்னும் என்னென்ன பண்ணலாம்னு யோசிச்சப்போ டூபான்ட்டோட மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டோட ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கினதுதான் கிரிட்டிக்கல் பாத் முறை. வீடு கட்டினவங்களுக்கு இது ஈசியா புரியும். தளம் போட்டாச்சு. அது இறுகி சென்ட்ரிங் பிரிக்கற வரைக்கும் நாள் ஆகத்தான் ஆகும். கொத்தனார் பத்து பேரைக் கூட இறக்கினாலும் கான்கிரீட் சீக்கிரம் இறுகாது. அதே சமயம் கதவு இழைக்கிற ஆசாரி ரெண்டு நாள் லேட்டா வந்தா வீடு ஒண்ணும் தள்ளிப் போகாது. ஆக மொத்த நாளை நிர்ணயிக்கறது ஒரு சங்கிலி மட்டும்தான். அதுல கை வச்சாத்தான் நாள் குறையும். மத்த இடத்துல ஓவர்டைம் குடுத்தா காசுதான் குறையும்.

டூபான்ட்காரங்க இதை லூயிவில் தொழிற்சாலையில பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தற வேலைக்குப் போட்டுப் பார்த்தாங்க. ஆலை நிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். 125 மணி நேரம் எடுத்த வேலை 93 மணிக்கு வந்துச்சு. பரீட்சையில நாம போடுற அம்புக்குறி படத்துக்குப் பின்னாடி நிஜமான ஒரு ஆலை, நிஜமான ஒரு கடிகாரம் இருந்திருக்கு.

இப்ப பெர்ட். இங்கதான் கதை சூடு பிடிக்குது.

1957 அக்டோபர்ல சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை மேலே அனுப்பினதும் அமெரிக்காவுக்குத் தூக்கம் போச்சு. நீர்மூழ்கிக் கப்பல்லேருந்து ஏவுகிற போலாரிஸ் ஏவுகணையை அவசரமா முடிச்சாகணும். கடற்படை அதுக்குன்னே ஏற்கெனவே 1955லயே தனி அலுவலகம் வச்சு அட்மிரல் வில்லியம் ரேபோர்னை உக்கார வச்சிருந்தது. அதுவரைக்கும் யாருமே செய்யாத வேலை. எத்தனை வாரம் ஆகும்னு கேட்டா இஞ்சினியர் என்ன சொல்லுவான்? அதனால 1958ல அவங்க ஒரு எண்ணுக்குப் பதிலா மூணு எண் கேட்டாங்க. எல்லாம் நல்லா நடந்தா எவ்வளவு, சாதாரணமா எவ்வளவு, எல்லாமே சொதப்பினா எவ்வளவு. நடு எண்ணை நாலால பெருக்கி, மத்த ரெண்டையும் கூட்டி, ஆறால வகுக்கணும். 4, 6, 14 வாரம்னா விடை 7 வாரம்.

இந்த நாலும் ஆறும் எங்கேருந்து வந்துச்சு? ஏதோ ஆயிரம் வேலைகளை அளந்து பார்த்துக் கண்டுபிடிச்ச விதின்னு வகுப்புல நினைச்சிருந்தேன். அப்படி ஒண்ணும் இல்லை. சூத்திரத்தை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான சார்லஸ் கிளார்க் 1962ல ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். வேலைகளோட கால அளவு நிஜத்துல எப்படிப் பரவியிருக்கும்னு தன்கிட்ட தகவல் எதுவும் கிடையாது, கணக்குப் போட வசதியா இருந்ததால இந்த வடிவத்தை எடுத்தேன்னு பச்சையா ஒத்துக்கிட்டார். அந்த 'வசதி'யைத்தான் உலகம் பூரா லட்சக்கணக்கான பேர் மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்றோம்.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. 1960 ஜூலை 20ல முங்கின கப்பல்லேருந்து போலாரிஸ் வெற்றிகரமா பாய்ஞ்சது. பெர்ட்டுக்கு ஏகப்பட்ட பேர். 1962ல பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து பெர்ட்டுல செலவுக் கணக்கையும் இணைக்கறதுக்கு ஒரு வழிகாட்டியே போட்டாங்க. ஆனா ஹார்வி சபோல்ஸ்கிங்கற ஆய்வாளர் அந்த அலுவலகத்தைத் தோண்டித் துருவி 1972ல ஒரு புத்தகம் எழுதினார். அதுல அவர் சொல்றது என்னன்னா, உள்ளே வேலை பார்த்த டெக்னிகல் ஆளுங்க பெர்ட்டைப் பெருசா நம்பி ஓட்டலை. மேலேருந்து நோண்ட வர்றவங்களுக்கு 'இங்க எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு'ன்னு காட்ட அது அருமையா உதவுச்சு. அந்தத் திரைக்குப் பின்னாடி நல்ல ஆளுங்க தொந்தரவில்லாம வேலையை முடிச்சாங்க. நம்ம ஆபீஸ்ல வாராவாரம் பச்சை மஞ்சள் சிவப்புன்னு கலர் அடிச்சு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பறவங்களுக்கு இது புதுசா இருக்காது :-)

அப்போ பெர்ட் சும்மா படமா? முழுசா அப்படிச் சொல்லிட முடியாது. மூணு எண் கேட்டதுல ஒரு மரியாதை இருக்கு. மேலே ஏற்கெனவே தேதி குறிச்சு வச்சிருந்தாலும், வேலை செய்யறவன் அதை மறந்துட்டு தனக்குத் தெரிஞ்சதையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லட்டும்கிறதுதான் நோக்கம். இப்ப நம்ம கதையைப் பாருங்க. ஒரு சின்னப் பையன்கிட்ட மூணு மதிப்பீடு கேக்கறோம். அவன் நிஜத்தைச் சொல்லி 14 வாரம்னு எழுதினா, "என்னப்பா இவ்வளவு போடறே"ன்னு அந்த எண்ணையே பாதியா வெட்டறோம். அடுத்த தடவை அவன் முன்கூட்டியே ரெண்டு மடங்காப் போடுவான், இல்லைன்னா நமக்குப் பிடிச்ச எண்ணையே எழுதித் தந்துட்டு ராத்திரியெல்லாம் ஆணி பிடுங்குவான். உடம்பு கெடறதும் வீட்டுல சண்டை வர்றதும் அங்கதான் தொடங்குது. சூத்திரம் சரியாத்தான் இருக்கும். உள்ளே போன எண்ணு பொய்.

இந்த முறைகளைப் பயன்படுத்தினவங்க சிலர் ஒண்ணு கூடி 1969ல தொடங்கின அமைப்புதான் பி.எம்.ஐ. அட்லாண்டாவுல ஜார்ஜியா டெக் வளாகத்துல முதல் கூட்டம். டாக்டர், வக்கீல் மாதிரி நாங்களும் ஒரு தொழில்னு அங்கீகாரம் வேணும்கிற ஆசை. 1984ல முதல் பி.எம்.பி. தேர்வு நடந்துச்சு. 1996ல பிம்பாக் வழிகாட்டியோட முதல் பதிப்பு வந்தது, அதுல 37 செயல்முறை. 2017ல ஆறாம் பதிப்புல அது 49 ஆச்சு. ஒவ்வொண்ணுக்கும் உள்ளே போறது, கருவி, வெளியே வர்றதுன்னு பட்டியல். ஊரே அதை உரு போட்டுச்சு. அப்புறம் 2021ல ஏழாம் பதிப்பு வந்தப்ப அந்தப் பட்டியலை ஒதுக்கி வச்சுட்டு 12 கோட்பாடுகள்னு ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் ஜனவரியில மாத்தின தேர்வுல 42 சதவீதம் கேள்வி 'மனிதர்கள்' பகுதியிலேருந்து. அதாவது, வேலை படத்துல இல்லை, ஆளுங்ககிட்ட இருக்குன்னு தேர்வு வைக்கிறவங்களே வந்து சேர்ந்துட்டாங்க.

இது நம்ம ஊர்ல எப்பவோ நடந்து காட்டின பாடம். பெர்ட் புகழின் உச்சியில இருந்த அதே அறுபதுகள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது, போன ரயிலே கடலோட போச்சு, பாம்பன் பாலத்தோட கர்டர்கள்ல பெரும்பகுதியைக் கடல் வாரிக்கிட்டுப் போயிடுச்சு. சரி பண்ண ஆறு மாசம்னு ரயில்வே கணக்குப் போட்டுச்சு. அதை மூணு மாசமா குறைச்சு, பொறுப்பை ஒரு 32 வயசு இஞ்சினியர்கிட்ட குடுத்தாங்க. பேரு இ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு பேர் வாங்கினவர். புது கர்டர் செஞ்சு கொண்டு வர்றதுதான் காலத்தைத் தின்னும். பழசு கடலுக்குள்ள கிடக்கறதா மீனவர்கள் மூலமா தகவல் வந்துச்சு. அதைத் தூக்கி மறுபடி பொருத்தினாங்க. 46 நாள்ல பாலம் தயார். 2022 டிசம்பர் வரைக்கும் அந்தப் பாலத்துல ரயில் ஓடுச்சு.

பாட மொழியில சொன்னா, கிரிட்டிக்கல் பாத்துல இருந்த மிக நீளமான வேலையையே அவர் தூக்கி எறிஞ்சார். ஆனா அந்த வழி ஒரு மீனவர் வாயிலேருந்து வந்தது. பெரிய இஞ்சினியர்கிட்ட போய்ச் சொல்லலாம்கிற தைரியம் அவங்களுக்கு இருந்துச்சு, காது குடுத்துக் கேக்கற பொறுமை இவருக்கு இருந்துச்சு. ஆறு மாசத்துக்கும் 46 நாளுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்துல அதுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

அதனால வகுப்புல சேர்ற நண்பர்களுக்கு என்னாலான ஒரு யோசனை. புதுசா ஒரு கருவி சொல்லித் தரும்போது, நோட்டுல ஓரமா மூணு கேள்வி எழுதிக்கோங்க. இதை யார் செஞ்சா? எந்த வேலைக்கு? எங்க இது பொருந்தாது? பதில் தேட அரை மணி நேரம் ஆகும். பரீட்சைக்கு அதுல ஒரு மார்க் கூட வராது. ஆனா திங்கக்கிழமை ஆபீஸ்ல ஒருத்தன் வந்து "சார், இது 14 வாரம் ஆகும்"னு சொல்றப்ப, அவனை வெட்டாம "ஏன்?"னு கேக்கத் தோணும்.

உங்க ஆபீஸ்லயும் இப்படிக் கடலுக்கடியில கர்டர் கிடக்குன்னு யாராச்சும் வந்து சொல்லியிருப்பாங்க. அந்தக் கதையை எழுதுங்க மக்கா, படிக்கக் காத்திருக்கேன்.

டிஸ்கி: சர்டிபிகேட் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. வேலை மாற நிஜமாவே உதவுது, எல்லாரும் ஒரே வார்த்தையில பேசிக்கவும் உதவுது. படிங்க. விடையோட சேர்த்து கேள்வியையும் படிங்க, அவ்ளோதான்.