பேராசிரியருக்கு எதுக்கு ஆட்டுக் கதை?

ஏ.எல்.இல் நாடகமும் அரங்கியலும் செய்தவர்களுக்குப் பேராசிரியர் சி. மௌனகுரு எண்ட பெயரைத் தெரியாமல் இருக்காது. நோட்ஸில் ஒரு பந்தி வரும். பேராதனையில் இராவணனாக ஆடினார், 'சங்காரம்' எழுதினார், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்தப் பந்தியின் கடைசியில் ஒரு "மற்றும்" கிடக்கும். அதுக்குப் பிறகு ரெண்டு பெயர்: 'தப்பி வந்த தாடி ஆடு', 'வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்'. ரெண்டும் சிறுவர் நாடகங்கள். சோதினைக்கு அதுகளைப் பெரிசாக ஆரும் பாடமாக்குவதில்லை.

நாங்கள் இந்தக் கட்டுரையில் பிடிச்சிருப்பது அந்த "மற்றும்" எண்ட சொல்லைத்தான். கூத்தை ஆராய்ந்த ஒரு பேராசிரியர் ஓய்வு நேரத்தில் குழந்தைகளுக்கும் ஏதோ எழுதிப் போட்டார் எண்டு அது சொல்லுது. அது சரியில்லை எண்டு நினைக்கிறம். அவர் வாழ்க்கை முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்த கேள்விக்கு ஆகத் தெளிவான விடை கிடைச்ச இடமே அந்த ரெண்டு நாடகமும்தான்.

கொஞ்சம் பின்னுக்குப் போக வேணும். இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எண்டே பாட்டு வேணும் எண்டு முதலில் கவலைப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் கல்வித் திணைக்களத்துக்காரர். க. ச. அருள்நந்தியின் முயற்சியில் வடஇலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 1935இல் 'பிள்ளைப் பாட்டு' எண்ட தொகுப்பைக் கொண்டுவந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர், பிறகு வித்துவான் வேந்தனார், அம்பி எண்டு அந்த வழி நீண்டது. நல்ல வழிதான். ஆடிப்பிறப்புப் பாட்டை நம்மட பக்கத்துப் பிள்ளைகளும் பாலர் வகுப்பில் பாடித்தான் வளர்ந்ததுகள். ஆனால் அந்தப் பாட்டுகள் பிள்ளையை ஒரு இடத்தில் இருத்தி வைக்கும். வாங்கில் இரு, புத்தகத்தைப் பார், சேர்ந்து சொல்லு. பல பாட்டில் கடைசி ரெண்டு வரியில் ஒரு புத்திமதியும் ஒளிச்சிருக்கும்.

வாவிக்கரையின் கதை வேறு. இங்கேயும் ஒரு கல்விப் பரிசோதகர் வாறார். தி. சதாசிவ ஐயர் 1940இல் 'வசந்தன் கவித்திரட்டு' எண்ட நூலை அச்சிட்டார். வசந்தன் எண்டது மட்டக்களப்பில் சிறுவரும் இளைஞரும் கோல் பிடிச்சு வட்டமாக நிண்டு ஆடுற ஆட்டம். பாட்டில் சாமியும் வரும், வேளாண்மையும் வரும், விளையாட்டும் வரும். இதைச் சிறுவர் இலக்கியம் எண்டு சதாசிவ ஐயர் சொல்லவில்லை, ஆடினவர்களும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் வாயிலும் காலிலும் ஒரே நேரத்தில் ஏறின தமிழ் அது. அச்சில் வந்த பிறகு பாட்டு மட்டும் தங்கிவிட்டது, கால் காணாமல் போய்விட்டது. நூலைப் புரட்டினால் ஒண்டும் விளங்காது. தாளம் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில் இருந்தால் எல்லாம் விளங்கும்.

கூத்தும் அப்படித்தான். அண்ணாவியார் சட்டங்கொடுத்து, மாதக்கணக்காகப் பழக்கி, சதங்கை அணிஞ்சு, அரங்கேற்றம் வரை போகிற அந்த நீண்ட காலம் முழுக்க, ஊர்ப் பிள்ளைகள் களரியைச் சுற்றி நிற்பார்கள். பெரியாக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற தாளக்கட்டு, ஒண்டும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடும். மறுகா பகலில் வளவுக்குள் தென்னம் மட்டையை வாளாக்கி அவர்களே ஒரு கூத்தை ஆடுவார்கள். அதுக்குப் பாடத்திட்டமும் இல்லை, ஆசிரியர் கைந்நூலும் இல்லை.

1943இல் அமிர்தகழியில் பிறந்த மௌனகுரு இந்த உலகத்துக்குள் இருந்து வந்தவர். வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்தில் படிச்சு, பேராதனைக்குப் போனார். அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' எண்டு 1960களின் முதற்பாதியில் வரிசையாக வந்தன. விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சில மணித்தியாலத்துக்குள் அடக்கி, வட்டக்களரியில் இருந்து தூக்கி, ஒரு பக்கம் மட்டும் சனம் இருக்கிற படச்சட்ட மேடையில் வைச்சார்கள். கொழும்புப் படிச்ச சனம் கைதட்டியது. அதோடு கேள்வியும் பிறந்தது. சுருக்கினால் அது கூத்தா? வட்டத்தை உடைச்சால் ஊருக்கு அதில் என்ன பங்கு? பழைய புராணக் கதையை விட்டு வேறு விசயத்தை அந்த ஆட்டம் தாங்குமா?

'சங்காரம்' கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னது: வர்க்கப் போராட்டத்தையும் வடமோடி தாங்கும். துணிச்சலான வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் பெரியவர்களுக்கான நாடகத்தில் பார்வையாளர் ரெண்டு வகை. கூத்துத் தெரிஞ்சவர் "இது கூத்தில்லை" எண்டு குறை பிடிப்பார். தெரியாதவர் "என்ன அருமையான மரபு" எண்டு அருங்காட்சியகத்தில் நிக்கிறது போல் நிண்டு ரசிப்பார். ரெண்டு பேருமே ஆட்டத்துக்கு வெளியில்.

பிள்ளை அப்படி நிக்காது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கின பிறகு, குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதினார். சிறுவர் அரங்கு எண்ட ஒரு தனி வகை அங்கே பள்ளிக்கூடங்களுக்குள் நுழைஞ்சது. 1980களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த மௌனகுரு அந்த அலைக்குள் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டுவந்தார். ஆடாகவும் புறாவாகவும் மேடைக்கு வாற பிள்ளைக்குத் துள்ளுறதும் பறக்கிறதும் முதலே தெரியும். அதுக்குத் தாளக்கட்டு ஒரு ஒழுங்கு கொடுக்கும், அவ்வளவுதான். ராசாவுக்கான வரவாட்டம் ஆட்டுக்கும் வரும் எண்டால், கூத்து அரண்மனைக் கதைக்கு மட்டும் உரியதில்லை எண்டு நிரூபிக்க வேறு ஆய்வுக் கட்டுரை எதுக்கு?

தலைப்புகளைப் பாருங்கோ. 'ஏமாற்றிய' எண்டு போடவில்லை, 'உச்சிய' எண்டு போட்டிருக்கார். 'என்னை உச்சிப்போட்டான்' எண்டு பிள்ளைகள் விளையாட்டில் சொல்லுவார்களே, அந்த உச்சு. பாடப்புத்தகக் குழு ஒண்டின் கையில் கொடுத்திருந்தால் முதல் வேலையாகச் சிவப்புப் பேனையால் அதை வெட்டியிருக்கும். பிள்ளையின் பேச்சுமொழி மேடைக்கு ஏறலாமா எண்ட பழைய சண்டைக்கு அந்த ஒரு சொல்லே போதும். வலையோடு சேர்ந்து எழும்பிப் பறந்த புறாக்களின் கதை பஞ்சதந்திரக் காலத்தது. ஆனால் 1980களின் வடக்கு கிழக்கில் வேடன், வலை எண்ட சொற்களைக் கேட்டுக்கொண்டு இருந்த தாய் தகப்பனுக்கு அது வெறும் புறாக் கதையாக மட்டும் இருந்திருக்காது எண்டு நம்புறம்.

1990களின் தொடக்கத்தில் அவர் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவர் படிச்ச பள்ளிக்கூட வளவில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகம் ஆனது. அதே வளாகம் 1990இல் அகதி முகாம். அந்த வருசம் செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து பிடிச்சுக்கொண்டு போன 158 பேர் திரும்பி வரவே இல்லை. அந்த மண்ணில்தான் நுண்கலைத் துறையைக் கட்டி, உலக நாடக தின விழாக்களை நடத்தி, மாணவர்களை மத்தளத்துக்கு ஆட வைச்சார்கள். ஆட்டமும் பாட்டும் எதுக்கு எண்டு அந்த நேரம் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள், நியாயமான கேள்விதான். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து மண் பிசைஞ்சும் கதை கட்டியும் விளையாடினதை அதோடு சேர்த்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கான கலை இந்த ஊரில் பொழுதுபோக்காக இருக்கேல்லை எண்டது விளங்கும்.

இந்த இடத்தில் மாஸ்டர் சிவலிங்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2022இல் காலமான அவர் வில்லிசைக்காரர், பத்திரிகைகளில் சிறுவர் பகுதி செய்தவர், எல்லாத்துக்கும் மேலாகக் கதை சொல்லி. அவருடைய கதையைப் புத்தகத்தில் வாசிக்கிறதும், அவர் முகத்தாலும் குரலாலும் சொல்லக் கேட்கிறதும் ஒண்டில்லை. மௌனகுருவின் நாடகப் பிரதிகளுக்கும் இதே கதிதான். இன்னொரு பக்கம், கிழக்குப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் செ. யோகராசா நவீன கவிதை, நாவலோடு சிறுவர் பாடல்களையும் ஒரு ஆய்வுப் பொருளாக எடுத்து வைச்சார். அது அச்சில் கிடைக்கிறதைத் தேடிச் சேர்க்கிற வேலை. ரெண்டும் வேணும். ஆனால் வாவிக்கரையில் பிள்ளைகளுக்கான தமிழில் பெரும்பகுதி அச்சுக்கு வராதது. அதைப் பற்றி எழுதுகிற ஆய்வாளர் ஒரு கட்டத்தில் பேனையை வைச்சிட்டு எழும்பி ஆடித்தான் ஆக வேணும். மௌனகுரு ஆடினார்.

எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் கூத்து மீளுருவாக்கம் எண்ட பெயரில் வேறு ஒரு வழி பிடிச்சார். கூத்தை ஊரில் இருந்து எடுத்து மேடைக்குச் செப்பனிடாமல், சீலாமுனை போன்ற இடங்களில் அண்ணாவிமாரோடும் ஊராரோடும் இருந்து களரியிலேயே கதைச்சு மாற்றுகிற வழி. அதில் சிறுவர் கூத்துக்கும் இடம் இருந்தது. ரெண்டு பக்கத்துக்கும் இடையில் சூடான விவாதங்கள் நடந்தன, இப்பவும் கம்பஸ் கன்ரீனில் ஆள் பிரிஞ்சு கதைக்கிறம். பெரியவர்களின் கூத்து விசயத்தில் ஜெயசங்கர் பக்கம்தான் எங்களில் பலருக்குச் சாய்வு. சிறுவர் நாடகம் எண்டு வந்தால் அந்த எதிர்ப்பு அவ்வளவு எடுபடாது. களரியே இல்லாத நகரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும், மலையகத்துப் பிள்ளைக்கும் ஒரு தாளக்கட்டாவது போய்ச் சேர மேடைதான் வழி.

ஓய்வுக்குப் பிறகு அவர் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடத்தை நடத்தி இளம் ஆக்களைப் பழக்கினார். அந்த ரெண்டு நாடகத்தின் வசனமும் அச்சில் இருக்கு. ஆனால் எந்த இடத்தில் ஆடு எந்தத் தாளத்துக்குத் துள்ள வேணும், புறாக்கள் வலையோடு எழும்பேக்க மத்தளம் என்ன சொல்ல வேணும் எண்டது, அப்ப ஆடின பிள்ளைகளின் காலில்தான் இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு இப்ப ஐம்பது வயசு வரும். கனபேர் கனடாவிலும் லண்டனிலும்.