நம் மாவட்டத்திலும் ஒரு தலைநகரம் இருந்தது



இப்போதெல்லாம் தரம் 3, தரம் 4 பிள்ளைகளின் கொப்பிகளிலும் நாடுகள், தலைநகரங்கள் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. மங்கோலியா என்றால் உலான்பாத்தர், பெரு என்றால் லிமா என்று மூச்சு விடாமல் சொல்கிறார்கள். கேட்க நமக்கும் சந்தோசம்தான். ஆனால் "மாத்தளை மாவட்டத்தில் எந்த இடம் ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முழிப்பார்கள். பெரியவர்களிலும் பலர் யோசிப்பார்கள்.

பதில் சீகிரியா. நாம் சுற்றுலா போகும் இடமாகவும், வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கும் இடமாகவும் மட்டுமே அதை நினைத்துப் பழகிவிட்டோம்.

கி.பி. 477இல் காசியப்பன் தன் தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். உரிமையுள்ள சகோதரன் முகலன் இந்தியாவுக்குத் தப்பிப் போனான். அவன் படையோடு திரும்பி வருவான் என்ற பயம் காசியப்பனுக்கு. ஆகவே பழைய தலைநகரமான அநுராதபுரத்தை விட்டு, சுமார் 180 மீற்றர் உயரமான இந்தப் பாறையின் உச்சியில் மாளிகை கட்டினான். கீழே அகழி, மதில், நீர்ப் பூங்கா. 495இல் முகலன் வந்தே விட்டான். காசியப்பன் தோற்று மாண்டான், தலைநகரம் மீண்டும் அநுராதபுரத்துக்குப் போனது. பதினெட்டு வருடம்தான் சீகிரியாவின் ஆயுள்.

இந்தக் கதையை ஆறு வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம். தலைநகரம் என்றால் பெரிய ஊர் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆட்சி எங்கே உட்காருகிறதோ அதுதான் தலைநகரம். அந்த இடத்தை யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காகத் தெரிவு செய்கிறார். காரணம் மாறினால் தலைநகரமும் மாறும். இது விளங்கிய பிள்ளைக்குப் பட்டியல் சுமையாக இருக்காது.

இந்த நாட்டின் தலைநகரம் மாறிய வழியைப் பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் அநுராதபுரம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் வந்து அதை வீழ்த்தினார்கள். அவர்கள் பொலன்னறுவையை மையமாக்கி, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரும் வைத்தார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றிய பிறகும் பொலன்னறுவையே தலைநகரமாக நீடித்தது. அதன் பின் தம்பதெனிய, யாப்பஹுவ, குருநாகல், கம்பளை, கோட்டை, கண்டி என்று ஆட்சி தெற்கும் மேற்கும் மலையுமாக நகர்ந்துகொண்டே போனது. நம் வீட்டு வாசலில் ஏறும் பஸ்ஸில் இவற்றுள் பலவற்றுக்கு ஒரே நாளில் போய் வரலாம். தெற்கே கண்டி, வடக்கே தம்புள்ளையைத் தாண்டினால் ஒரு பக்கம் அநுராதபுரம், மறுபக்கம் பொலன்னறுவை, நடுவில் சீகிரியா. பழைய தலைநகரங்கள் இப்படிச் சுற்றி நிற்கும் இடத்தில் பிறந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

இதில் யாப்பஹுவவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னன், 1283இல் எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனிடம் ஒரு தூதுக் குழுவை அனுப்பினான். நேரடியாக வியாபாரம் செய்வோம் என்பதுதான் செய்தி. தூதராகப் போனவர் அல்ஹாஜ் அபூ உஸ்மான் என்ற முஸ்லிம். குருநாகல் மாவட்டத்து யாப்பஹுவவில் இருந்து நைல் நதிக்கரையில் இருக்கும் கெய்ரோ வரைக்கும், தலைநகரத்திலிருந்து தலைநகரத்துக்கு! "எகிப்தின் தலைநகரம் கெய்ரோ" என்று பத்துத் தடவை எழுதவைப்பதை விட, இந்தக் கதையை ஒரு தடவை சொன்னால் போதும். பிள்ளை மறக்காது.

கண்டியின் கதையிலும் நாம் இருக்கிறோம். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். மட்டக்களப்புப் பக்கம் பலரைக் குடியமர்த்தினான். மலைநாட்டு இராச்சியத்துக்குள்ளும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். மாடுகளின் முதுகில் பொதி ஏற்றிச் செல்லும் தவளம்தான் அவர்களில் பலருடைய தொழில். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் புடைவையும் மேலே வரும், இங்கிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். கடலில்லாத ஒரு தலைநகரத்துக்கு உப்பு கொண்டுவந்து கொடுத்தவர்கள் நம் முன்னோர்.

1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தத்தோடு அந்த இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1833இல் முழுத் தீவின் நிர்வாகமும் ஒன்றாக்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் கொழும்பைப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. ஆனால் கண்டி மறக்கப்படவில்லை. 1848 ஜூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். அவரும் புரன் அப்புவும் மாத்தளை வழியாகப் போய்ப் பிடிக்க நினைத்தது கண்டியைத்தான். முடியவில்லை. புரன் அப்பு ஓகஸ்ட் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார், பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். அரசனும் அரசும் போய் முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகும் மக்கள் மனதில் தலைநகரம் கண்டியாகவே இருந்தது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இனி, எல்லாப் பரீட்சையிலும் வரும் கேள்வி. இலங்கையின் தலைநகரம் கொழும்பா, கோட்டையா?

கோட்டை 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகுவின் தலைநகரம். ஜயவர்தனபுர என்ற பெயர் அந்தக் காலத்துப் பெயர். ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் பெயரால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 1565இல் போர்த்துக்கேயர் கோட்டையைக் கைவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் துறைமுகம் இருக்கும் கொழும்பிலேயே இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் பாராளுமன்றம் காலிமுகத்திடலில்தான் கூடியது. 1982 ஏப்ரல் 29இல்தான் தியவன்னா ஓயாவின் நடுவில், ஜெப்ரி பாவா வடிவமைத்த புதிய கட்டடம் திறக்கப்பட்டது. நானூறு வருடத்துக்கு மேல் கழித்து ஆட்சியின் ஒரு பாகம் கோட்டைக்குத் திரும்பியது. சீகிரியா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும் அதே 1982இல்தான்.

ஆகவே பரீட்சையில் "ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை" என்று எழுதட்டும். கூடவே உயர் நீதிமன்றமும் ஜனாதிபதி செயலகமும் வெளிநாட்டுத் தூதரகங்களும் இன்னும் கொழும்பில் இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். மலேசியாவும் இதுபோலத்தான். தலைநகரம் கோலாலம்பூர், அரசாங்க அலுவலகங்கள் புத்ராஜாயாவில்.

இதெல்லாம் வெறும் பொது அறிவுப் போட்டிக்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் வாப்பாவோ உம்மாவோ மத்திய கிழக்கில் இருக்கிறார்கள்! "வாப்பா எந்த நாட்டில?" என்றால் "துபாய்" என்கிறது பிள்ளை. துபாய் ஒரு நாடு அல்ல. நாடு ஐக்கிய அரபு அமீரகம், தலைநகரம் அபூதாபி. சவூதியின் தலைநகரம் என்றால் மக்கா என்றோ ஜித்தா என்றோ பதில் வருகிறது. அது ரியாத். நமது தூதரகம் இருப்பது ரியாத்திலும் அபூதாபியிலும். ஜித்தாவிலும் துபாயிலும் இருப்பவை துணைத் தூதரகங்கள். சம்பளம் நின்றுபோனாலோ கடவுச்சீட்டுப் பிரச்சினை வந்தாலோ, எங்கே யாரைத் தொடர்புகொள்வது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால்கூட அது அந்தக் குடும்பத்துக்கு உதவி.

பட்டியலும் நிலையானதல்ல. கஸகஸ்தான் 1997இல் தலைநகரத்தை அல்மாட்டியிலிருந்து மாற்றியது. புதிய நகரத்துக்கு 1998இல் அஸ்தானா என்று பெயர், 2019இல் நூர்சுல்தான், 2022இல் மீண்டும் அஸ்தானா. பழைய புத்தகத்தை மனனம் செய்த பிள்ளைக்குப் புள்ளி போய்விடும். துருக்கிக்கு 1923இலிருந்து அங்காரா, ஆனாலும் இஸ்தான்பூல் என்றுதான் எல்லோருக்கும் வாயில் வருகிறது. ஜெரூசலம் போலச் சண்டைக்குள் இருக்கும் நகரமும் உண்டு. இஸ்ரேலும் பலஸ்தீனமும் இரண்டுமே அதைத் தம் தலைநகரம் என்கின்றன. பெரும்பாலான நாடுகளின் தூதரகங்கள் டெல் அவிவில் இருக்கின்றன, பலஸ்தீன நிர்வாகம் ரமல்லாவில் இயங்குகிறது. பிள்ளை கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லி வாயை அடைக்காமல், இதை இப்படியே சொல்லிக் கொடுப்பதுதான் நியாயம்.

ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் இருக்கின்றன. அத்தனையையும் சின்ன வயதில் திணிக்க வேண்டாம். முதலில் நம் குடும்பத்தவர் வேலை செய்யும் நாடுகள். அடுத்து நம்மையும் சேர்த்து சார்க் அமைப்பின் எட்டு நாடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி போதும். தலைநகரம் எது? எப்போதிலிருந்து? ஏன் அந்த இடம்? சுவரில் ஓர் உலகப் படத்தைத் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒரு நாடு பேசினால், தரம் 5 முடியும்போது ஐம்பது நாடுகளாவது பிள்ளைக்குக் கதையோடு தெரிந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அடுத்த விடுமுறைக்குச் சீகிரியாவுக்குப் போகிறவர்கள், பிள்ளையை மலையடிவாரத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "இது தலைநகரமாக இருந்த இடம். ஏன் இங்கே கட்டினான் என்று நீயே பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். அகழியையும் பாறையையும் பார்த்த பிள்ளை, நீங்கள் சொல்லிக் கொடுக்காமலே பதிலைக் கண்டுபிடித்துவிடும்.