கொடைக்கானல் பாதரச எதிர்ப்பு இயக்கம்

கொடைக்கானல் பாதரச எதிர்ப்பு இயக்கம் என்பது, பழனி மலையில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மாசுக்கு எதிராகத் தொழிலாளர்களும் ஊர்மக்களும் சூழலியல் அமைப்புகளும் 2001 முதல் இணைந்து நடத்திய பொதுச் சுகாதாரப் போராட்டம். ஆலை மூடப்பட்டதும், நச்சுக்கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டதும், 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான 2016 உடன்பாடும் இதன் முக்கிய விளைவுகள்.

பின்னணி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் நகரில் இயங்கிவந்த ஆலை 1983-இல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான அது, பின்னர் இந்துஸ்தான் லீவர் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) வசம் வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. தயாரான தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே போனது. கழிவு மட்டும் மலையில் தங்கியது. செயின்ட் மேரிஸ் சாலையில் ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் நீர் வைகைப் படுகையைச் சேர்கிறது.

உடல்நலக் கேடு

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமோ வாசனையோ இல்லை. மூச்சுவழி உட்புகுந்து நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கைநடுக்கம், மறதி, ஈறு நோய் ஆகியவை அறிகுறிகள். நீர்நிலையின் சேற்றில் படியும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீன்வழி மனிதரை அடையும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட கொடிய நரம்பு நோய்க்கு மெத்தில் பாதரசமே காரணம்.

வெளிப்பட்ட விதம்

2001 மார்ச்சில், மக்கள் நெருக்கம் மிகுந்த மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடையொன்றில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்திருப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அம்பலப்படுத்தினர். 1985-இல் தொடங்கப்பட்டுச் சோலைக்காடுகளுக்காக உழைத்துவந்த பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் முன்னணியில் நின்றது. அம்மாதமே ஆலை இயக்கத்தை நிறுத்தியது. தன் நெறிமுறைகளை மீறிக் கழிவு விற்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஐதராபாத் ஆய்வாளர்கள் 2003-இலும் 2006-இலும் வெளியிட்ட ஆய்வுகள், மரங்களில் படர்ந்த பாசியிலும் கொடைக்கானல் ஏரியின் நீர், படிவு, மீன்களிலும் பாதரசம் சேர்ந்திருப்பதைக் காட்டின. ஆலைச் சுவருக்குள் நிற்கும் தொழிற்சிக்கல் அன்று, ஊரின் நலச்சிக்கல் என்பது இவற்றால் உறுதியானது.

கூட்டு முயற்சி

இயக்கத்தில் ஒவ்வொரு தரப்பும் தனக்கே உரிய பங்கை ஆற்றியது. ஆலைக்குள் நடந்ததற்குத் தொழிலாளர்கள் சாட்சி சொன்னார்கள். நிலத்தையும் நீர்வழிகளையும் அறிந்தவர்கள் சூழலியலாளர்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சை அறிவியலாளர்கள் அளந்து காட்டினர். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். நித்தியானந்த் ஜெயராமன் போன்ற எழுத்தாளர்-செயற்பாட்டாளர்கள் செய்தியை நாடெங்கும் கொண்டுசென்றனர்.

இந்த அழுத்தத்தால், 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு மறுசுழற்சிக்காகக் கப்பலேறியது.

தொழிலாளர் வழக்கும் உடன்பாடும்

முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. உடல்நலப் பாதிப்புக்கு ஆதாரமில்லை என்று சில ஆய்வுகளைக் காட்டி நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் நிபுணர் குழுவோ 2011-இல் தொழிலாளர் தரப்புக்கு ஆதரவாக அறிக்கை அளித்தது. 2015-இல் இந்தப் பிரச்சினை குறித்து சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் நிதி வழங்க நிறுவனம் உடன்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை.

மண் தூய்மைப்பணி

ஆலை வளாக மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சலாம் என்ற அளவு ஏற்கப்பட்டது. சோலைக்கும் நீருக்கும் இது போதாது, வளர்ந்த நாடுகளின் குடியிருப்புகளுக்கு உரிய கடுமையான அளவே இங்கும் வேண்டும் என்று இயக்கத்தினர் வாதிட்டனர். இக்கோரிக்கை நியாயமானது. மலைநிலத்தில் மண் நிலைத்து நிற்பதில்லை. மழைதோறும் கீழே இறங்கும்.

உலகப் பின்புலம்

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தாகி, 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் இதை ஏற்றது. படிப்படியாக ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் பாதரசத் தெர்மாமீட்டரும் உண்டு.

மதிப்பீடு

உடல்நலக் கேடுகளைத் தனிமனிதரால் மட்டும் தடுக்க முடியாது; ஊர் முழுவதும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்று பொதுச் சுகாதாரத் துறை இன்று வலியுறுத்துகிறது. கொடைக்கானல் அனுபவமும் அதையே மெய்ப்பிக்கிறது. தான் சுவாசித்த நஞ்சைத் தொழிலாளி தனியே அளந்திருக்க முடியாது. மருத்துவர் தனியே ஆலையை மூடியிருக்க முடியாது. ஊர் திரண்டதால் ஆலை நின்றது. ஆனால் ஆலை வந்தபின் ஊர் திரள ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின. அபாயகரமான தொழில்களில் முறையான உடல்நலப் பதிவேடும், கழிவைக் கண்காணிக்க ஊர்மக்களுக்கு உரிமையும் தொடக்கத்திலிருந்தே இருந்தால்தான் இன்னொரு மலை இந்த விலையைக் கொடுக்காமல் தப்பும்.