பருவமும் பதிவும்: ஊதாத் தவளையின் வரலாறு

தவளை, பாம்பு முதலியவற்றைக் கணக்கெடுக்கும் கள ஆய்வில் ஓரினம் காணப்படவில்லை என்னும் பதிவு, அவ்வினம் அங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆய்வு நிகழ்ந்த பருவத்தையும் சேர்த்தே அப்பதிவைப் படித்தல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கறையானை உண்டு மண்ணுக்கடியில் வாழும் இத்தவளை, மழை தொடங்குங்கால் இனப்பெருக்கத்திற்காகச் சில நாள்களே வெளிப்படுகின்றது. இதன் தலைப்பிரட்டையோ ஓடைப் பாறைகளைப் பற்றிக்கொண்டு பல வாரங்கள் வாழ்கின்றது. இதனால் நெல்சன் அனந்தேல் 1918-இலேயே தலைப்பிரட்டையை விவரித்திருந்தும், வளர்ந்த தவளையை எஸ்.டி. பிஜு, பிராங்கி போசூட் ஆகிய இருவரும் 2003-இல்தான் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினர். இடைவெளி 85 ஆண்டுகள்.

2017-இல் இதன் உறவினம் ஒன்று, மலையின் கிழக்குச் சரிவிலுள்ள திருவில்லிபுத்தூர்ச் சரணாலயத்திலிருந்து விவரிக்கப்பட்டது. முன்னையது தென்மேற்குப் பருவமழையிலும் பின்னையது வடகிழக்குப் பருவமழையிலும் இனம் பெருக்குகின்றன. ஒரே நாட்காட்டியைக் கொண்டு இரு சரிவுகளையும் ஆராய்வோர்க்கு இவற்றுள் ஒன்று புலப்படாமலே போகும்.

புதிய இனத்திற்கு இடப்பட்ட பெயர், ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியை நினைவுகூர்கின்றது. அவர் 2014-இல் அகத்தியமலைக் களப்பணியின்போது நேர்ந்த விபத்தால் உயிரிழந்தவர். ஒரு பெயர் பட்டியலில் ஏறுவதற்கு ஆகும் உழைப்பும் இடரும் பட்டியலில் தெரிவதில்லை.

எனவே, பழைய உயிரினப் பட்டியல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், எவை காணப்பட்டன என்பதோடு, எம்மாதத்தில், எச்சரிவில் தேடப்பட்டன என்றும் வினவுதல் இன்றியமையாததாகும்.